இலைக் கணக்கும் புகைக் கணக்கும்

திருமண வீட்டில் எத்தனை சாப்பாடு ஆயிற்று என்பதை எவ்வாறு அறிவது? வாயிலில் நின்று ஆட்களை எண்ணுவது இயலாத செயல். உண்ணாமலே தாம்பூலம் பெற்றுச் செல்வோர் சிலர். இரண்டு பந்தியிலும் அமர்ந்துவிடும் சிறுவர் சிலர். ஆனால் சமையற்காரர் இதைப்பற்றிச் சிறிதும் கவலைப்படுவதில்லை. கடைசிப் பந்தி எழுந்ததும் மூலையில் மீந்திருக்கும் இலைக்கட்டை எண்ணிப் பார்ப்பார். "வாங்கியது 1,000 இலை, மீதி 140, ஆகவே 860 சாப்பாடு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அவர் ஆட்களை எண்ணவில்லை, இலையை எண்ணினார். உண்டவர்கள் கை கழுவி ஊருக்குப் புறப்பட்டுவிட்ட பின்னும் இலைக் கணக்கு இருந்து சாட்சி சொல்கிறது.

இந்தச் சமையற்காரரின் முறையைக் கொண்டே ஒரு பெரிய தொழிற்சாலை காற்றில் விடும் கரியமில வாயுவையும் கணக்கிடலாம் என்று சொன்னால் நீங்கள் வியப்படையலாம். ஆனால் உண்மை அதுதான். அதற்கு வேண்டிய இலைக்கட்டு, கம்பெனிகள் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு அறிக்கையிலே இருக்கிறது. அதை எவ்வாறு எண்ணுவது, எண்ணும்போது எங்கெங்கே ஏமாறக்கூடும் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஆலையின் புகைபோக்கியிலிருந்து கருமையாகவோ வெண்மையாகவோ எழுந்து வருவதை நாம் காண்கிறோமே, அது கரியமில வாயு அன்று. அது கரித்தூளும் சாம்பலும் நீராவியும் கலந்த கலவை. கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைபோக்கியின் உச்சியில் ஒன்றுமே தெரியாத வேளையிலும் அது டன் கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கலாம். நம் நாட்டு ஆலைகளின் புகைபோக்கிகளில் பொருத்தப்பட்டுள்ள கருவிகளும் பெரும்பாலும் தூசியையும் கந்தக, நைட்ரஜன் வாயுக்களையும் கண்காணிப்பதற்கே அமைந்தவை. ஆகவே ஓர் ஆலை இத்தனை லட்சம் டன் கரியமில வாயுவை வெளியிட்டது என்று எங்கேனும் படித்தால், யாரோ அதைத் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அநேகமாக அது அளந்த எண் அன்று, கணக்கிட்ட எண்.

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. காற்றிலுள்ள கரியமில வாயு மிகுந்தால் பூமியின் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்பதை 1896ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டு வெளியிட்டவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வாந்தே அரேனியஸ். அவருடைய கட்டுரையில் ஹோக்போம் என்ற சக விஞ்ஞானியின் கணக்கு ஒன்று இடம்பெற்றுள்ளது. உலகத் தொழில்கள் ஆண்டுதோறும் எவ்வளவு கரியமில வாயுவைக் காற்றில் சேர்க்கின்றன என்பதே அக்கணக்கு. ஹோக்போம் எந்தப் புகைபோக்கியின்மீதும் ஏறவில்லை. அந்நாளில் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் நிலக்கரி எடுக்கப்படுகிறது என்ற புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு, எடுத்த கரியெல்லாம் எரிந்துதானே தீரும் என்று தொடங்கினார். பிற்காலத்தில், 1958ஆம் ஆண்டு முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் காற்றிலுள்ள கரியமில வாயுவை நேரில் அளக்கத் தொடங்கியவர் சார்லஸ் கீலிங் என்னும் அமெரிக்கர். அளப்பதில் ஈடு இணையற்ற அவரும், தொழில்களிலிருந்து வெளிப்படும் வாயுவின் அளவு தேவைப்பட்டபோது ஐக்கிய நாடுகள் சபையின் எரிபொருள் புள்ளிவிவரங்களையே நாடினார். எரிபொருளிலிருந்தும் சுண்ணாம்புக்கல்லிலிருந்தும் எழும் வாயுவைப்பற்றிய அவருடைய கட்டுரை 1973இல் வெளிவந்தது.

இவர்கள் அனைவரும் நம்பியிருந்த அடிப்படை யாது? பொருள் அழிவதில்லை என்ற விதியே. பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் லவாய்சியர் 1789இல் எழுதிய நூலில் இதனை நிலைநாட்டினார். சூளைக்குள் சென்ற கரிமம் வேறு உருவில் வெளியே வந்தே ஆக வேண்டும். இதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பு, 1494ஆம் ஆண்டில், வெனிஸ் நகரத்து வணிகர்கள் கையாண்ட இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை லூக்கா பச்சோலி என்ற துறவி அச்சு நூலில் விளக்கியிருந்தார். பற்று இருந்தால் வரவு இருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. உள்ளே போனது வெளியே வர வேண்டும் என்பது லவாய்சியருடைய விதி. ஒன்று பணத்துக்கு, மற்றொன்று பொருளுக்கு. இவ்விரண்டும் சந்திக்கும் இடமே நம் இன்றைய பேச்சின் பொருள்.

பள்ளியில் நீங்கள் படித்த இரசாயனத்தைச் சற்றே நினைவுக்குக் கொண்டு வாருங்கள். கரிமத்தின் அணு எடை 12. ஆக்ஸிஜனின் அணு எடை 16. ஒரு கரிம அணு இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களோடு சேர்ந்து கரியமில வாயுவாகிறது. அதன் எடை 12உம் 32உம் கூடி 44. அஃதாவது, 12 கிலோ கரிமம் எரிந்தால் 44 கிலோ கரியமில வாயு உண்டாகும். எரித்த பொருளைக் காட்டிலும் எழுந்த வாயுவின் எடை மிகுதி என்பது முதலில் புதுமையாகத் தோன்றும். மிகுதியான பங்கு காற்றிலிருந்து சேர்ந்த ஆக்ஸிஜன் என்பதை நினைத்தால் வியப்பு நீங்கிவிடும். நூற்றுக்கு 60 பங்கு கரிமம் உள்ள நிலக்கரி ஒரு டன் எரிந்தால் 600 கிலோ கரிமம் எரிகிறது. அது 2,200 கிலோ, அதாவது 2.2 டன் வாயுவாகிறது. டீசல் எண்ணெய் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ. இத்தகைய எண்களை அட்டவணையாக வைத்துக்கொண்டால், எரிபொருளின் அளவு தெரிந்த மாத்திரத்தில் வாயுவின் அளவும் தெரிந்துவிடும்.

எரிபொருளின் அளவை எங்கே காண்பது? ஆலையின் காவலர் நம்மை உள்ளே விடமாட்டார். ஆனால் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றிருக்கும் கம்பெனி, ஆண்டுதோறும் தன் கணக்கை வெளியிட்டே ஆகவேண்டும். அந்த ஆண்டறிக்கையில் இலாப நட்டக் கணக்கு இருக்கும். நம் வணிகர்கள் ஐந்தொகை என்று அழகாகப் பெயரிட்டார்களே, அந்த இருப்புநிலைக் குறிப்பும் இருக்கும். "மின்சாரமும் எரிபொருளும்" என்று ஒரு செலவு, "மூலப்பொருள்" என்று ஒரு செலவு, "சரக்கு இருப்பு" என்று ஒரு சொத்து, "விற்பனை" என்று ஒரு வரவு ஆகியவற்றை அதில் காணலாம்.

ஆலை முதலாளி வெளியிடும் கணக்கை நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கணக்குக்கு ஒரு வலிமை உண்டு. ஆலை வாங்கிய நிலக்கரி மற்றொருவர் விற்ற நிலக்கரி. இங்கே செலவாக எழுதிய தொகை அங்கே வரவாக எழுதப்பட்டிருக்கும். இடையில் இரயில் ரசீது இருக்கிறது. வரி ரசீது இருக்கிறது. தணிக்கையாளர் கையெழுத்து இருக்கிறது. மேலும், வரி செலுத்துவோன் செலவைக் குறைத்துக் காட்ட விரும்பமாட்டான். செலவு குறைந்தால் இலாபம் மிகும், இலாபம் மிகுந்தால் வரியும் மிகும். ஆகவே புகையைக் குறைத்துச் சொல்ல ஆசைப்படுகிறவனும் கரிச் செலவைக் குறைத்துச் சொல்ல அஞ்சுவான். கணக்கேட்டில் பொய் புகவே புகாது என்பதன்று. புகுந்தால் பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும் என்பதே அதன் பலம்.

இனி ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். சிமெண்டு ஆலையாகவே இருக்கட்டும். அரியலூர்ப் பக்கத்திலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் சுண்ணாம்புக்கல் கிடைப்பதால் எழுந்த சிமெண்டு ஆலைகளை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, நீண்ட சுழலும் சூளையில் கடும் வெப்பத்தில் சுட்டால் கிளிங்கர் என்னும் உருண்டைகள் கிடைக்கின்றன. கிளிங்கரோடு சிறிது ஜிப்ஸமும், வேண்டுமானால் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்த்து அரைத்தால் சிமெண்டு.

நம் கற்பனை ஆலை ஓராண்டில் 10 லட்சம் டன் கிளிங்கர் செய்து, அதைக்கொண்டு 13 லட்சம் டன் சிமெண்டு ஆக்கியது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் நிலக்கரி இருப்பு 20,000 டன். வாங்கியது 1,50,000 டன். ஆண்டு முடிவில் இருப்பு 30,000 டன். இலைக்கட்டை எண்ணிய அதே கணக்குத்தான்: எரிந்தது 1,40,000 டன். வாங்கிய அளவை மட்டும் பார்த்தவன் 10,000 டன் பிழைபட்டிருப்பான். 1,40,000 டன்னை 2.2ஆல் பெருக்கினால் 3,08,000 டன் கரியமில வாயு. கணக்கு முடிந்தது என்று ஏட்டை மூடிவிடலாமா?

மூடிவிட்டால் பெரும் பிழை செய்தவர்களாவோம். சுண்ணாம்புக்கல்லை மறந்துவிட்டோம். சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட்டு. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. இது கரி எரிவதால் வருவதன்று. கல்லினுள்ளேயே கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்தது. சூளையை எதனால் எரித்தாலும் இந்த வாயு வெளிவரும். கிளிங்கரில் நூற்றுக்கு 65 பங்கு சுண்ணாம்பு என்று கொண்டால், நம் ஆலையின் 10 லட்சம் டன் கிளிங்கரில் 6,50,000 டன் சுண்ணாம்பு இருக்கிறது. அதை 44ஆல் பெருக்கி 56ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5,11,000 டன் வாயு. எரிபொருளிலிருந்து வந்ததைக் காட்டிலும் இதுவே அதிகம்!

இங்கேதான் பணக் கணக்கின் பெரிய மறைவிடம் இருக்கிறது. ஆலை கரியை விலை கொடுத்து வாங்குகிறது. ஆகவே அது பெருந்தொகையாகக் கணக்கில் தெரிகிறது. சுண்ணாம்புக்கல்லையோ தன் சொந்தச் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கிறது. யாரிடமும் வாங்கவில்லை, ஆகவே அதற்குக் கணக்கில் தோன்றும் தொகை சிறிது. மிகுந்த வாயுவைத் தரும் பொருளே மிகக் குறைந்த பணமாகக் காட்சியளிக்கிறது. ரூபாயின் அளவைக்கொண்டு வாயுவின் அளவை மதிப்பிடுபவன் இந்த இடத்தில் தவறாமல் இடறுவான்.

ஆனால் கூர்ந்து நோக்கினால் அங்கும் ஒரு தடயம் உண்டு. சுரங்கம் சொந்தமானாலும், வெட்டி எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் அரசாங்கத்துக்கு உரிமைத்தொகை செலுத்த வேண்டும். டன்னுக்கு 80 ரூபாய் என்று கொள்வோம். நம் ஆலை 12 கோடி ரூபாய் உரிமைத்தொகை செலுத்தியிருந்தால், அது 15 லட்சம் டன் கல்லை வெட்டியது என்பது வெளிப்படை. அக்கல்லில் நூற்றுக்கு 78 பங்கு கால்சியம் கார்பனேட்டு இருந்தால், அதிலிருந்து எழும் வாயு 5,14,800 டன். கிளிங்கர் வழியாகச் சென்று 5,11,000 கண்டோம். உரிமைத்தொகை வழியாகச் சென்று 5,14,800 காண்கிறோம். வெவ்வேறு வழியில் புறப்பட்ட இரு கணக்குகள் ஓரிடத்தில் வந்து கூடினால் நம் நம்பிக்கை உறுதிப்படுகிறது. கூடாவிட்டால், எங்கோ பிழை இருக்கிறது என்று தேடத் தொடங்கலாம்.

நிலக்கரிக் கணக்கையும் இவ்வாறே சோதிக்கலாம். நல்ல சூளையில் ஒரு கிலோ கிளிங்கர் செய்யச் சுமார் 750 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிலோ கரி 5,400 கிலோ கலோரி தருவதானால், 10 லட்சம் டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 1,39,000 டன் கரி தேவை. நம் இருப்புக் கணக்கு 1,40,000 என்றது. பொருந்துகிறது. இதே உற்பத்திக்கு 80,000 டன் கரிதான் எரித்தேன் என்று ஓர் ஆலை கூறினால், மிச்சமுள்ள வெப்பம் எங்கிருந்து வந்தது என்று நாம் வினவ வேண்டும். வேறு எரிபொருள் எரித்திருக்கலாம். வெளியிலிருந்து கிளிங்கர் வாங்கியிருக்கலாம். கணக்கே தவறாக இருக்கலாம். எதுவாயினும் விடை வேண்டும்.

மூன்றாவதாக மின்சாரம். நம் ஆலை 10 கோடி யூனிட் மின்சாரம் வாங்கியது என்போம். மின்சாரம் ஆலைக்குள் புகை எழுப்புவதில்லை. எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் எழுப்புகிறது. நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக எவ்வளவு வாயு என்பதை மத்திய மின்சார ஆணையம் கணக்கிட்டு வெளியிடுகிறது. அது சுமார் 0.7 கிலோ. அவ்வாறாயின் 10 கோடி யூனிட்டுக்கு 70,000 டன். மூன்றையும் கூட்டினால் 8,89,000 டன். எரிபொருள் பட்டியலை மட்டும் பார்த்து 3,08,000 என்று சொல்லியிருந்தால், உண்மையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே சொன்னவர்களாவோம்.

தன் சூளையில் எழுவது, வாங்கிய மின்சாரத்துக்காகப் பிறரிடம் எழுவது, வாங்கும் பொருள்களிலும் விற்ற பொருள்களிலும் அடங்கிய ஏனையவை என மூன்று வட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் வழக்கம் 2001இல் உலக வள நிலையமும் வணிகர்களின் உலக மன்றம் ஒன்றும் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையால் பரவியது. மூன்றாம் வட்டத்துக்கு, பொருளியல் அறிஞர் வாசிலி லியோன்டியெஃப் காட்டிய வழி பெரிதும் பயன்படுகிறது. ஒரு தொழில் மற்றொரு தொழிலிடம் எத்தனை பணத்துக்கு எதை வாங்குகிறது என்பதை அட்டவணையாக்கியவர் அவர். அதே அட்டவணையில் மாசையும் சேர்க்கலாம் என்று 1970இல் எடுத்துக்காட்டினார். 1973இல் நோபல் பரிசும் பெற்றார். ஆயினும் அம்முறை தொழிலின் சராசரியைக் காட்டுமேயன்றித் தனி ஆலையின் தன்மையைக் காட்டாது.

இனி, ஏமாறும் இடங்களைக் காண்போம். முதலாவது, விலை. முகூர்த்த நாளில் வாழையிலை விலை இரட்டிப்பாகும். அதனால் விருந்தினர் இரட்டிப்பானார்கள் என்று எவரும் சொல்வதில்லை. கரிக்கும் அதுவே. நம் ஆலை 1,40,000 டன்னை டன் 6,000 ரூபாய் வீதம் வாங்கி 84 கோடி செலவிட்டது என்போம். மறு ஆண்டு 1,30,000 டன்னே எரித்தது. ஆனால் விலை 9,000 ரூபாயாக ஏறிவிட்டது. செலவு 117 கோடி. கணக்கில் செலவு மளமளவென்று ஏறிற்று, வாயுவோ குறைந்தது. 2022ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் நிலக்கரி விலை பன்மடங்கு உயர்ந்தபோது இத்தகைய காட்சி பல ஆண்டறிக்கைகளில் தோன்றியது. பணத்தை விலையால் வகுத்துப் பொருளாக்கிய பின்னரே வாயுவைப்பற்றிப் பேசலாம். பொருளுக்கே புகை உண்டு. ரூபாய்க்குப் புகை இல்லை.

இரண்டாவது, விகிதம். நம் ஆலை டன் 5,000 ரூபாய்க்குச் சிமெண்டை விற்றால் 650 கோடி வரவு. ஒரு கோடி ரூபாய் விற்பனைக்கு 1,368 டன் வாயு. மறு ஆண்டு சிமெண்டு விலை 6,000 ஆகிறது. உற்பத்தியும் அதுவே, வாயுவும் அதுவே. வரவு 780 கோடி. இப்போது கோடி ரூபாய்க்கு 1,140 டன். "எங்கள் வாயுச் செறிவு ஆறில் ஒரு பங்கு குறைந்தது" என்று அறிக்கையில் அச்சிடலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆனால் காற்றில் ஒரு கிலோவும் குறையவில்லை. வீடு கட்டுகிறவரின் செலவு ஏறியதே மிச்சம். ஆகையால் செறிவைப்பற்றிப் பேசும்போது, ரூபாய்க்கு எவ்வளவு என்று கேளாமல், சரக்கு ஒரு டன்னுக்கு எவ்வளவு என்று கேட்கப் பழகுங்கள். அதோடு மொத்தம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, எல்லை. விருந்தினரில் பாதிப் பேரைப் பக்கத்து வீட்டில் உண்ணவைத்துவிட்டால் நம் வீட்டு இலைக் கணக்கு குறையும்; சாப்பாடு குறையாது. கிளிங்கரைத் தானே சுடாமல் மற்றோர் ஆலையிடம் வாங்கினால் புகைபோக்கி அங்கே மாறிவிடுகிறது. ஆனால் "வாங்கிய கிளிங்கர்" என்ற செலவு கணக்கில் எழும். புகை குறைந்த ஆண்டில் இத்தகைய செலவு ஏதேனும் புதிதாக முளைத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வாசகனின் கடமை. மாறாக, சாம்பலை மிகுதியாகச் சேர்த்துக் கிளிங்கரின் பங்கைக் குறைத்திருந்தால் அது உண்மையான குறைவு. மேலும், ஒரு கம்பெனிக்குப் பல ஊர்களில் ஆலைகள் இருந்தால் ஆண்டறிக்கை அவற்றை ஒன்றாகவே கூட்டிவிடும். தம் ஊர் ஆலையைப்பற்றி மட்டும் அறிய விரும்புவோர்க்கு அக்கூட்டுத்தொகை போதாது.

இக்காரணங்களால்தான் பணத்தோடு பொருளின் அளவையும் சேர்த்து எழுதும் பத்தி அருமையானது. நம் நாட்டில் அத்தகைய பத்தி ஒன்று இருந்தது. 1988ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், சிமெண்டு, நெசவு, காகிதம் முதலிய குறிப்பிட்ட தொழில்களை நடத்தும் கம்பெனிகள் இயக்குநர் அறிக்கையோடு "அ படிவம்" ஒன்றை இணைக்க வேண்டுமென்றன. வாங்கிய மின்சாரம் எத்தனை யூனிட், மொத்தத் தொகை எவ்வளவு, யூனிட் என்ன விலை. நிலக்கரி எத்தனை டன், என்ன தொகை, சராசரி விலை என்ன. உலை எண்ணெய் எவ்வளவு. ஒரு டன் உற்பத்திக்கு இவை எவ்வளவு செலவாயின என அனைத்தும் இரண்டு ஆண்டுகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எரிபொருளில் சிக்கனம் வேண்டும் என்பதே அப்படிவத்தின் நோக்கம். ஆனால் அதை வகுத்தவர்கள், தாம் அறியாமலே, கரியமில வாயுவின் கணக்கேட்டையும் திறந்து வைத்துவிட்டார்கள்.

அந்த ஏடு நிலைக்கவில்லை. 2011-12 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கணக்குப் பட்டியல், மூலப்பொருள்களின் அளவைத் தரவேண்டும் என்ற பழைய விதியைக் கைவிட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் 2014இல் அதன்கீழ் வந்த விதிகளும், எரிபொருள் சிக்கனத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்கின்றன. எத்தனை டன் எரித்தீர்கள் என்று கேட்கும் பழைய படிவம் போய்விட்டது. எண் இருந்த இடத்தில் சொற்கள் வந்து அமர்ந்தன. பின்னர், பங்குச் சந்தைகளை மேற்பார்க்கும் வாரியம் 2022-23ஆம் ஆண்டிலிருந்து, சந்தை மதிப்பில் முன்னிற்கும் 1,000 கம்பெனிகள் தம் எரிசக்தியையும் கரியமில வாயு முதலியவற்றையும் அறிக்கையிட வேண்டுமென்று கட்டாயமாக்கியது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் அந்த வரிசைக்கு வெளியே நிற்கும் கம்பெனிகள் பல. அவற்றின் கணக்கில் "மின்சாரமும் எரிபொருளும்: இத்தனை கோடி" என்ற ஒற்றை வரியே மிஞ்சலாம். அந்த ஒற்றை வரியிலிருந்து கரியைத் தோண்டி எடுக்கும் திறமை இன்னும் நமக்குத் தேவையாகவே இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். மௌனா லோவாவில் 1958இல் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரியமில வாயு, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. அது மிகுவதற்குக் காரணமான தொழில்களில், ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு சிமெண்டினுடையது. இதைக் குறைப்பதற்காக இப்போது புகைக்கு விலை வைக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்திய அரசு 2023இல் கரிம வரவு வணிகத் திட்டத்தை அறிவித்தது. ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியம், வெளிநாட்டிலிருந்து வரும் இரும்பு, அலுமினியம், சிமெண்டு, உரம் போன்றவற்றுக்கு, அவற்றைச் செய்யும்போது எழுந்த வாயுவின் கணக்கை 2023 அக்டோபர் முதல் கேட்கத் தொடங்கியது. 2026 ஜனவரி முதல் அதற்குரிய கட்டணம் நடைமுறைக்கு வந்தது. தன் கணக்கைச் சான்றோடு காட்ட இயலாத ஆலைக்கு ஒரு பொது எண்ணை ஏற்றிக் கணக்கிடுவர். அது பெரும்பாலும் அந்த ஆலைக்குப் பாதகமாகவே இருக்கும். புகையைக் குறைக்க உண்மையிலேயே உழைத்த ஆலை, கணக்குச் சரியில்லாத ஒரே காரணத்தால், உழைக்காத ஆலையோடு ஒன்றாக வைத்து எண்ணப்படும். ஆகவே சரியான கணக்கு நேர்மையற்றவனைப் பிடிப்பதற்கு மட்டுமன்று, நேர்மையானவனைக் காப்பதற்குமாம்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கணக்கேட்டிலிருந்து நாம் பெறுவது தீர்ப்பன்று, கேள்வி. கரியின் தரம் சற்றே மாறினாலும் நம் எண் மாறும். ஆகவே நம் எண்ணுக்கும் கம்பெனியின் எண்ணுக்கும் இடையே சிறு வேற்றுமை இருந்தால் குற்றம் சாட்டுவது அறியாமை. வேற்றுமை பெரிதாக இருந்தால் வாளாவிருப்பதும் அறியாமையே. பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து, "சென்ற ஆண்டு நாம் எத்தனை டன் கரி எரித்தோம்?" என்று ஒரு பங்கு வைத்திருப்பவரும் கேட்கலாம்.

நாளை உங்களிற் சிலர் இரசாயன நிபுணர் ஆவீர்கள். சிலர் தணிக்கையாளர் ஆவீர்கள். முன்னவர்க்கு ஐந்தொகை படிக்கத் தெரிவதில்லை; பின்னவர்க்கு 12உம் 44உம் நினைவிருப்பதில்லை. இரண்டையும் அறிந்தவர்கள் வேண்டும். ஓய்வு நாளில் ஒரு சிமெண்டுக் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு தாளும் பென்சிலுமாக உட்காருங்கள். தொடக்க இருப்பு, வாங்கியது, இறுதி இருப்பு என்று மூன்று வரி எழுதுங்கள். திருமண வீட்டுச் சமையற்காரர் இலைக்கட்டை எண்ணியதற்கு மேல் அதில் வித்தை ஒன்றும் இல்லை.